இரண்டு முடிவுகளிலும் அவன் வாய் திறக்கவில்லை

கேள்வி: என் முதல் திரைக்கதையை எழுதி முடித்திருக்கிறேன். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆன ஒரு தம்பதியின் கதை. கணவன் மனைவியிடம் சொல்லாமல் வேலையை விட்டுவிடுகிறான். சேமிப்பை எல்லாம் ஒரு தொழிலில் போட்டு இழக்கிறான். ஐந்து மாதங்கள், தினமும் காலையில் அலுவலகம் போவதுபோலவே கிளம்பிப் போகிறான். ஒரு நாள் மூன்றாம் மனிதர் மூலம் அவளுக்கு எல்லாம் தெரியவருகிறது. அதன் பிறகு சண்டை, மௌனம், விவாகரத்துப் பேச்சு. என் முடிவில் அவள் பெட்டியோடு வீட்டை விட்டுப் போகிறாள். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். தயாரிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. "அவனுக்கு ஒரு விபத்து நடக்கட்டும். மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கும்போது அவள் ஓடி வந்து கையைப் பிடிக்கட்டும். பார்ப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும்" என்கிறார். நண்பர்களோ, இரண்டுமே வேண்டாம், முடிவைச் சொல்லாமல் விட்டுவிடு என்கிறார்கள். முழுத் திரைக்கதையையும் இணைத்திருக்கிறேன். எந்த முடிவை வைப்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

118 பக்கங்களையும் படித்தேன், கடைசிப் பத்துப் பக்கங்களை இரண்டு முறை. பிறகு தயாரிப்பாளர் சொன்ன முடிவையும் ஒரு தாளில் எழுதி, உங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் இருவரும் இத்தனை நாள் சண்டை போட்டதாகச் சொல்கிறீர்கள். எனக்கென்னவோ, இருவரும் ஒரே முடிவைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று படுகிறது. உங்கள் முடிவில் அவன் வாசலில் ஊமையாக நிற்கிறான். அவருடைய முடிவில் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிறான். மனைவியிடம் எதையும் சொல்லாத ஒரு மனிதனைப் பற்றிய படம், இரண்டு வழியிலும் அவனைப் பேசவைக்காமலேயே முடிந்துபோகிறது.

அவர்கள் சேர்ந்தார்களா, பிரிந்தார்களா என்பது உறவினர்கள் கேட்கும் கேள்வி. உங்கள் படம் கேட்கும் கேள்வியோ 52ஆம் பக்கத்தில் இருக்கிறது. உண்மை வெளிப்பட்ட அந்த இரவில் அவள் கேட்கிறாள்: "வேலை போனது எனக்குப் பெரிதில்லை. ஐந்து மாதமாக நான் தினமும் பால்கனியில் நின்று கையசைத்தேனே, அதை வாங்கிக்கொண்டு எங்கே போனீர்கள்?" இந்த வசனத்தை நீங்கள் யோசித்து எழுதினீர்களோ, தானாக வந்து விழுந்ததோ தெரியாது. இதை எழுதிய கைதான் கடைசியில் பெட்டி, வாசல், சோகமான புல்லாங்குழல் என்று எழுதியது என்பதை நம்ப முடியவில்லை. (புல்லாங்குழலை எடுத்துவிடுங்கள். என்ன இசை வேண்டும் என்று இசையமைப்பாளருக்குத் தெரியும்.)

பணம் போனது அவளுக்கு வலிக்கவில்லை. தன்னிடம் சொல்லாததுதான் வலிக்கிறது. அப்படியானால் முடிவில் நடக்க வேண்டியதும் அதே இடத்தில்தான் நடக்க வேண்டும். அவன் ஏதாவது ஒன்றை, அவள் கேட்பதற்கு முன்பே, தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே, வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகு அவள் இருக்கலாம், போகலாம். படம் முடிந்துவிடும். அதைச் சொல்லாமல் அவர்களை ஊரே கூடி வாழ்த்திச் சேர்த்துவைத்தாலும் படம் முடியாது.

நமக்கு நெருக்கமான ஒரு உதாரணம் சொல்கிறேன். 1986இல் வந்த மணிரத்னத்தின் 'மௌன ராகம்' படத்தின் முடிவு என்ன என்று யாரைக் கேட்டாலும், ரயில் நிலையம் என்பார்கள், ரயில் நின்றது என்பார்கள். நின்ற ரயிலை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காகிதம். திருமணமான புதிதில் கணவன் அவளுக்கு ஒரு பரிசு வாங்கித் தர விரும்புகிறான்; என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவள் விவாகரத்துக் கேட்கிறாள். கடைசியில் ரயிலடியில் அவன் அவளிடம் கொடுப்பது அதே விவாகரத்துப் பத்திரத்தைத்தான். அவள் கேட்ட பரிசு கைக்கு வந்துவிட்டது. இப்போது அது அவளுக்கு வேண்டாம். கிழிக்கிறாள். தொடக்கத்தில் கேட்டது முடிவில் கிடைக்கிறது, கிடைத்தபோது கேட்டவள் மாறிப்போயிருக்கிறாள். ரயில் நிற்காமல் போயிருந்தால்கூட அந்தக் கதைக்கு அதுதான் முடிவு. ரயிலை நிறுத்தியது நம் மனநிறைவுக்காக. நிறுத்தியது நல்லதுதான், நானும் கைதட்டியிருக்கிறேன்.

இனி உங்கள் தயாரிப்பாளர். அவர்மேல் உங்களுக்குக் கோபம் என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அவர் கேட்பது புதிதும் இல்லை, இழிவும் இல்லை. மணவாழ்வு முறியும் கதைகளின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் கை வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் 1879இல் வந்தது. நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். ஜெர்மனியில் அதை நடிக்கவிருந்த பிரபல நடிகை, நான் என் குழந்தைகளை விட்டுப் போகமாட்டேன், அந்த முடிவில் நடிக்கவும் மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அங்கே இப்சனின் எழுத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் மாற்றி மேடையேற்றலாம். வேறு எவனோ எழுதுவதற்கு நானே எழுதித் தொலைக்கிறேன் என்று இப்சனே ஒரு மாற்று முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் நோராவைக் குழந்தைகள் தூங்கும் அறையின் வாசலுக்கு இழுத்துப்போகிறான், அவள் மனம் உடைந்து அங்கேயே சரிகிறாள், போகவில்லை. தானே எழுதிய அந்த முடிவை, நாடகத்தின்மேல் நடத்தப்பட்ட காட்டுமிராண்டித்தனம் என்று இப்சனே சொன்னார். இன்று உலகம் முழுவதும் மேடையேறுவது கதவு சாத்தும் முடிவுதான்.

ஹாலிவுட்டில் இது விதியாகவே இருந்தது. படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று வகுத்து, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு விதித்தொகுப்பு, திருமணம் என்ற அமைப்பின் புனிதமும் இல்லத்தின் புனிதமும் காக்கப்பட வேண்டும் என்று எழுத்திலேயே சொன்னது. 1968இல்தான் அது போய், வயதுவாரித் தரச்சான்று வந்தது. அந்தக் கட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு புத்திசாலிகள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். லியோ மெக்கேரி இயக்கிய 'தி ஆஃபுல் ட்ரூத்' 1937இல் வந்தது. ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு விவாகரத்து வாங்கிய தம்பதி. தீர்ப்பு நள்ளிரவில் அமலுக்கு வர வேண்டும். அடுத்தடுத்த அறைகளில் இருவரும். நடுவில் ஒரு கதவு. சரியாக மூடாமல் அது பாட்டுக்குத் திறந்துகொள்கிறது. கூடவே ஒரு கடிகாரம். மணியடிக்கும்போதெல்லாம் ஆணும் பெண்ணுமாக இரண்டு சின்னப் பொம்மைகள் வெளியே வந்துவிட்டு, தத்தம் கதவு வழியே திரும்பிப் போகின்றன. கடைசி முறை ஆண் பொம்மை தன் கதவுக்குப் போகாமல் பெண் பொம்மையின் பின்னாலேயே அவள் கதவுக்குள் நுழைந்துவிடுகிறது. படம் முடிந்தது! தணிக்கைக்காரர்கள் பொம்மையை என்ன செய்ய முடியும்? ஆனால் அந்தப் பொம்மைக்கு முன்னால் நடக்கும் உரையாடலைக் கவனியுங்கள். நிலைமை வேறாக இருந்தால் எல்லாம் பழையபடியே இருக்கலாம் என்று அவளும், நான்தான் முட்டாளாக இருந்தேன் என்று அவனும், வார்த்தைகளை உருட்டி உருட்டி, ஒருவழியாகச் சந்தேகத்தை விட்டுவிட்டதைச் சொல்லிவிடுகிறார்கள். சந்தேகத்தில் தொடங்கிய படம் நம்பிக்கையைச் சொன்ன பிறகுதான் பொம்மையை அனுப்புகிறது. சேர்த்துவைப்பது குற்றமே இல்லை. தகுதி இல்லாமல் சேர்த்துவைப்பதுதான் குற்றம்.

விபத்து அந்தத் தகுதியைத் தருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை செய்த ஒரு படத்தில் இப்படித்தான், மனைவிக்குத் திடீரென்று நோய் வந்தது. கணவன் கண்ணீர் விட்டான், எல்லாவற்றையும் மன்னித்தான், அவள் பிழைத்தாள், சுபம். அந்த யோசனையைச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினோம். விளக்குப் போட்டதும் பின்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "உடம்பு தேறினதும் மறுபடியும் ஆரம்பிப்பானே?" என்று கேட்டார். அவர் மெதுவாகத்தான் கேட்டார்; எங்கள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. சண்டையின் காரணத்தை நாங்கள் தொடவே இல்லை. அதைத் தள்ளிப்போட்டிருந்தோம், அவ்வளவுதான். நோயாளிமேல் யாருக்கும் இரக்கம் வரும். பகையாளிக்கும் வரும். கட்டிலில் கிடப்பவனின் கையை உங்கள் கதாநாயகி பிடிப்பது அவள் நல்லவள் என்பதைக் காட்டுமே தவிர, அவனை அவள் மறுபடி நம்பினாள் என்பதைக் காட்டாது. உங்கள் கதை நம்பிக்கை போன கதை.

நண்பர்கள் சொல்லும் மூன்றாவது வழிக்கு வருகிறேன். முடிவைச் சொல்லாமல் விடுவது எளிது என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். மூன்றிலும் அதுதான் கடினம்.

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' (2011) ஈரானியப் படம். முதல் காட்சியில் கணவனும் மனைவியும் நீதிபதியின் முன் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். நீதிபதியை நாம் பார்ப்பதில்லை, குரல் மட்டும்தான். இருவரும் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுவதால் நீதிபதியின் நாற்காலியில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம். படம் முழுவதும் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லப் பார்த்துத் தோற்கிறோம். கடைசியில் அதே போன்ற ஓர் அறை. இப்போது மகளின் முறை: அப்பாவா, அம்மாவா? முடிவு செய்துவிட்டேன் என்கிறாள் அந்தப் பெண். பெற்றோரை வெளியே அனுப்புகிறார்கள். தாழ்வாரத்தில், நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்க, ஆளுக்கொரு பக்கம் காத்திருக்கிறார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. மகள் என்ன சொன்னாள் என்பது ஒன்றுதான் நமக்கு மறைக்கப்படுகிறது. அந்தத் தாயும் தகப்பனும் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்துவிட்டார்கள் என்பது முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது. அவள் யார் பெயரைச் சொன்னாலும் அது மாறாது. அதனால்தான் மறைக்க முடிகிறது.

சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) இன்னும் நுட்பமானது. தாகூரின் 'நஷ்டநீட்' கதையில் இருந்து எடுத்தது; தலைப்புக்குச் சிதைந்த கூடு என்று பொருள். தாகூரின் முடிவு ஒரு சொல்லில் இருக்கிறது. மனைவியின் மனம் வேறொருவனிடம் போய்விட்டதைத் தெரிந்துகொண்ட பூபதி வெளியூர் கிளம்புகிறான். என்னையும் கூட்டிப்போங்கள் என்கிறாள் சாரு. அவன் ஒரு கணம் தயங்குகிறான். தயங்கியதை அவள் பார்த்துவிடுகிறாள். பிறகு அவன், சரி வா என்கிறான். அவள், வேண்டாம், இருக்கட்டும் என்கிறாள். கதை அத்தோடு நின்றுவிடுகிறது. ராய் இதை வசனமாக வைத்திருக்கலாம். அவர் கைகளாக வைத்தார். வீடு திரும்பிய கணவனை உள்ளே அழைத்து சாரு கையை நீட்டுகிறாள். அவனும் நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொடுவதற்கு முன் படம் உறைந்துவிடுகிறது. அசைவில்லாத படங்களாக அவள் முகம், அவன் முகம், விளக்கோடு நிற்கும் வேலைக்காரர், இருவருக்கும் நடுவே அந்த இடைவெளி. கதையில் சொல் நீட்டப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. படத்தில் கை நீட்டப்பட்டு நின்றுபோனது. தொட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது கேள்வியாகவே தோன்றியதில்லை. நீட்டினார்கள், நடுவில் இடைவெளி இருக்கிறது, இரண்டும் உண்மை. ராய்க்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்லிவிட்டார்.

ஆக, தீர்ப்பை மறைக்கலாம். மாற்றத்தை மறைக்கக் கூடாது. உங்கள் நண்பர்களின் யோசனைப்படி இப்போதைய திரைக்கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் மறைவதற்கு அங்கே எதுவுமே இருக்காது.

சரி, உங்கள் கதைக்குள் வருகிறேன். 71ஆம் பக்கத்தில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. தொழில் நொடிந்துகொண்டிருந்தபோது அவன் மனைவியின் தம்பியிடம் ரகசியமாகக் கடன் வாங்கியிருக்கிறான், அக்காவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறான் என்பது அதில் நமக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு அந்தக் கடன் எங்கேயும் வரவில்லை. மறந்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அந்த மறதிக்கு நன்றி சொல்லுங்கள்; உங்கள் கிளைமாக்ஸ் அங்கேதான் கிடக்கிறது.

அவள் மனம் இளகத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 104ஆம் பக்கத்தில் அவள் தானாகவே அவனுக்கும் ஒரு தட்டு எடுத்துவைக்கும் காட்சி பொருத்தமாக இருக்கும். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் கனிவு. அவன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பார்வையாளருக்கும் அது தெரியும், மூடிக்கொள்ளடா என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வார்கள். அவன் அப்போது சொல்லட்டும். "இன்னொன்று இருக்கிறது. உன் தம்பியிடமும் வாங்கியிருக்கிறேன்." காரணம் சொல்லக் கூடாது, அழக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது. மன்னிப்புக் கேட்பது அவளிடம் ஒன்றை எதிர்பார்ப்பது. இங்கே அவன் கொடுக்க மட்டும் வேண்டும். அவள் எடுத்துவைத்த தட்டைப் பார்த்தபடி நீண்ட நேரம் இருந்துவிட்டு, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்கட்டும். அவன் தொகையைச் சொல்லட்டும், முழுத் தொகையை.

பிறகு? என்னைக் கேட்டால், அவள் போகட்டும். நீங்கள் எழுதியது சரிதான், மறுநாள் காலை அவள் பெட்டியோடு கிளம்புகிறாள். ஆனால் வாசலில் நின்று அவனிடம் எங்கே போகிறேன், யார் வீட்டில் இருப்பேன், எந்த எண்ணில் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். கோபமாகக்கூடச் சொல்லலாம். ஐந்து மாதம் எங்கே போகிறோம் என்று சொல்லாமல் படியிறங்கிப் போனவனிடம், போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறாள் அவள். பிறகு பால்கனிக்கு வாருங்கள். முதல் காட்சியில் அவள் நின்ற இடத்தில் இப்போது அவன். கையசைக்கிறானா, கீழே இருந்து அவள் நிமிர்ந்து பார்க்கிறாளா என்பதைப் படப்பிடிப்பின்போது நடிகர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தாளில் பூட்டிவைக்க வேண்டாம். 'கிராமர் வெர்சஸ் கிராமர்' (1979) படத்தில் மனைவி போன மறுநாள் காலை, மகனுக்கு ரொட்டியும் முட்டையும் செய்யத் தெரியாமல் சமையலறையையே புகைய வைக்கிறான் அப்பா. படம் முடியும் தறுவாயில் அதே காலை உணவை அப்பாவும் மகனும் பேசாமல், தடுமாறாமல், சேர்ந்து செய்கிறார்கள். அந்த இரண்டு காலைகளுக்கு நடுவில் நடந்ததை யாரும் வசனமாகச் சொல்லவில்லை. உங்கள் பால்கனிக்கும் அந்த வேலையைக் கொடுங்கள். ஷாட் மேலிருந்தே இருக்கட்டும். கேமரா அவளோடு தெருவுக்கு இறங்க வேண்டாம். அவன் படியிறங்கி ஓடவே கூடாது. 'இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்துப் போட்டு ஒரு காட்சி சேர்க்கும் ஆசை உங்களுக்கு வரும், எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளரிடம் சோகமா, சந்தோஷமா என்று வாதாடாதீர்கள். அந்த வாதத்தில் பணம் போடுபவர்தான் ஜெயிப்பார். சாப்பாட்டு மேசைக் காட்சியையும் பால்கனியையும் எழுதி எடுத்துப்போய், எதிரில் உட்கார்ந்து வாசித்துக்காட்டுங்கள். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும் பெண்ணைப் பார்த்து, இவள் திரும்பி வருவாள் என்று அவரே சொல்லக்கூடும். நீங்கள் மறுக்க வேண்டாம். அப்படியும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடித்தால், இப்சன் செய்ததைச் செய்யுங்கள்: அந்த முடிவையும் நீங்களே எழுதுங்கள், வேறு யாரிடமும் விடாதீர்கள். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிடட்டும். தம்பியின் கடனை அவன் சொன்ன பிறகு வைக்கட்டும். விபத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. "அதை வாங்கிக்கொண்டு எங்கே போனீர்கள்?" என்ற அவளுடைய கேள்விக்கு 118 பக்கங்களிலும் விடை இல்லை. காலையில் கிளம்புகிறான், மாலையில் திரும்புகிறான். நடுவில் அந்த ஐந்து மாதப் பகல்களை எங்கே கழித்தான்? படத்தில் அதைக் காட்டுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளைமாக்ஸைத் தொடுவதற்கு முன்னால் அதை மூன்று பக்கம் எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.